"றோயல் சார்ட்டர்": அறுபதாம் நாள் இரவு

1859ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் 26ஆந் திகதி "றோயல் சார்ட்டர்" என்னும் கப்பல் மெல்பேர்ண் துறைமுகத்திலிருந்து லிவர்பூல் நோக்கிப் பாய் விரித்தது. இம்மலரை மெல்பேர்ணிலிருந்து வாசிக்கப்போகும் நம் பழைய மாணவியர் பலர் உளர். இன்று அவர்கள் ஒரு நாட்பொழுதில் பறந்து கடக்கும் தூரத்தை அக்காலத்தில் இரண்டு மாதத்தில் கடப்பதே பெரும் வியப்பாகக் கருதப்பட்டது. "அறுபது நாளுக்குள் அவுஸ்திரேலியா" என்பதுதான் அக்கப்பற் கம்பனியின் விளம்பரம். பாய்களோடு துணைக்கு ஒரு சிறு நீராவி இயந்திரமும் பூட்டிய இரும்புக் கப்பல் அது. கடலுக்கு வந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

கப்பலில் மாலுமிகளும் பிரயாணிகளுமாக ஏறத்தாழ ஐந்நூறு பேர் இருந்தனர். 1851இல் விக்டோரியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்ட செய்தி கேட்டு உலகமெல்லாம் அங்கே ஓடியது நாமறிந்ததே. அப்படி ஓடியவர்களிற் கைகூடிய சிலர் மனைவி மக்களுடன் இப்போது ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர். கப்பலின் பெட்டகத்தில் மூன்று இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட பொன். அதைவிட, அரைக்கச்சையிலும் உடுப்பின் மடிப்பிலும் தைத்துவைத்த பொன் எவ்வளவென்று யார் கணக்கெடுத்தார்?

ஹோர்ன் முனையைச் சுற்றி வந்த நெடும் பயணத்திலே பெரிய இடர் எதுவும் நேரவில்லை. ஒக்டோபர் 24ஆந் திகதி கப்பல் அயர்லாந்தின் தென்கரையை அடைந்தது. குவீன்ஸ்டவுன் துறைமுகத்துக்கு வெளியே பிரயாணிகள் சிலர் வள்ளமேறிக் கரைக்குப் போயினர். இறங்காதவர்களுக்கு அவர்கள் மேற் சிறிது பொறாமைகூட இருந்திருக்கலாம். லிவர்பூலுக்கு இன்னும் ஒரு நாள்தானே! மறுநாள், வழியில் ஓர் இழுவைக் கப்பலிலிருந்து பாய்மரத் தொழிலாளர் பதினொருவர் ஏற்றிக்கொள்ளப்பட்டனர். அவர்களும் லிவர்பூலுக்கே போகவிருந்தனர். வீட்டுக்குச் சற்று விரைவாகப் போகலாமென்று ஏறினார்கள்.

25ஆந் திகதி பிற்பகல் கப்பல் வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவை ஒட்டிச் சென்றது. ஹொலிஹெட் துறைமுகத்திலே, அந்நாளில் உலகின் மிகப் பெரிய கப்பலாயிருந்த "கிறேட் ஈஸ்டேர்ன்" நங்கூரமிட்டு நின்றது. அதைக் காணப் பிரயாணிகள் மேற்றளத்திற் கூடினர். பாரமானி இறங்கிக்கொண்டிருந்தது, காற்றும் ஏறியது. ஹொலிஹெட்டில் ஒதுங்குவதா, லிவர்பூலுக்கே போய்விடுவதா என்ற தெரிவு கப்பற்றலைவர் தோமஸ் டெய்லரின் கையில் இருந்தது. அன்று பயணத்தின் அறுபதாம் நாள். கப்பல் லிவர்பூலை நோக்கித் தொடர்ந்து சென்றது.

தீவின் வடகிழக்கு மூலையிலுள்ள லைனஸ் முனையருகே லிவர்பூல் துறைமுக வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொள்ள முயன்றனர். அந்தக் கடலில் எந்தப் படகும் அணுக முடியவில்லை. இரவாகியதும் காற்று கிழக்கிலிருந்து வடகிழக்குக்குத் திரும்பிப் பெருஞ் சூறாவளியாகியது. மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ அடித்திருந்தால் தீவே கப்பலுக்கு அரணாக நின்றிருக்கும். வடகிழக்குக் காற்றோ கப்பலை நேரே பாறைக் கரைக்குத் தள்ளியது. காற்றின் வேகம் மணிக்கு நூறு மைல் வரை சென்றதென்பர். அதன் முன் அச்சிறு இயந்திரம் என்ன செய்யும்? இரவு பதினொரு மணியளவில் இரு நங்கூரங்களும் போடப்பட்டன. நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்கு ஒரு சங்கிலி அறுந்தது. ஒரு மணி நேரத்தின் பின் மற்றதும் அறுந்தது. காற்றுப் பிடிப்பைக் குறைக்கப் பாய்மரங்களை வெட்டி வீழ்த்தினர். அதன் பின்னும் கப்பல் கரைப்பக்கமே போனது. முதலில் ஒரு மணற்றிட்டில் ஏறி நின்றபோது, விடியும்வரை தாக்குப்பிடித்தாற் போதும் என்று பலரும் நம்பியிருப்பர். ஆனால் விடியும்போது வற்று நீரல்ல, ஏறு நீர் வந்தது. அது கப்பலைத் தூக்கி மொயில்வ்ரே என்ற மீனவ ஊருக்கருகே பாறைகளில் மோதியது.

கரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் காற்றிற் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? மோல்டா நாட்டு மாலுமி ஒருவர், ஜோசப் றொஜேர்ஸ் என்று ஆங்கிலேயர் அழைத்தவர், இடுப்பிற் கயிறு கட்டிக் கடலிற் குதித்து நீந்திக் கரையேறினார். மொயில்வ்ரே ஊரவர் இருபத்தெட்டுப் பேர் கைகோத்துச் சங்கிலியாய் அலைக்குள் இறங்கி நின்றனர். அந்தக் கயிற்றில் ஓர் இருக்கை தொங்கவிடப்பட்டுச் சிலர் கரை சேர்க்கப்பட்டனர். அதற்குள், காலை ஏழு மணி கடந்ததும், கப்பல் இரண்டாகப் பிளந்தது.

ஏறத்தாழ 450 பேர் மாண்டனர். தப்பியோர் நாற்பது பேரளவில். அவர்களுள் ஒரு பெண்ணோ ஒரு குழந்தையோ இல்லை.

இதனை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துபோக, பெண்கள் பாடசாலையொன்றின் மலரில் எழுதும் எனக்கு மனம் வரவில்லை. பெண்களும் பிள்ளைகளும் கீழ்த்தளத்து மண்டபத்திற் கூட்டி வைக்கப்பட்டிருந்தனர். கப்பலில் வந்த போதகர் ஒருவர் அங்கே செபம் நடத்தினார். மேலே கயிறு கட்டப்பட்டபோது அதைக் கையாளத் தெரிந்த மாலுமிகளே முதலிற் போயினர். கரையில் ஆள் நின்றாற்றான் மற்றவரை இழுக்கலாம் என்பதும் ஒரு நியாயமே. பெண்களின் முறை வருமுன் கப்பல் போய்விட்டது. அக்கால வழக்கப்படி அடுக்கடுக்காய் உடுத்த கனத்த பாவாடைகளோடு கடலில் விழுந்த பெண் எப்படி நீந்துவாள்? நீந்தத்தான் யார் கற்பித்தார்? அரையிற் கட்டிய பொன்னின் பாரமே ஆட்களை அமிழ்த்தியது என்று பின்னாளிற் பேசினார்கள். கேட்பதற்கு நீதிக்கதை போலிருக்கும். ஆனால் பலர் மூழ்கி இறக்கவில்லை. அலை அவர்களைப் பாறையில் அடித்தே கொன்றது. பொன் கட்டாத குழந்தைகளும் அவ்வாறே மாண்டனர்.

அடுத்த வாரங்களில் நடந்தவற்றைச் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நேரிற் சென்று பார்த்து எழுதியிருக்கிறார். லனல்கோ தேவாலயத்தின் குரு ஸ்டீபன் றூஸ் ஹியூஸ் தம் ஆலயத்தையே பிணவறையாக்கினார். உடல்களை அடையாளங் காண்பதற்காக உடுப்பையும் மோதிரத்தையும் தழும்பையும் குறித்துக்கொண்டார். ஏறத்தாழ 140 பேரைத் தம் ஆலய வளவிலே அடக்கஞ் செய்தார். உறவினருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களைத் தம் கைப்பட எழுதினார். தேடி வந்தவர்களுக்கு அவர் வீட்டுப் பெண்கள் துணை நின்றனர். 1862இல் அவரும் காலமானார். அந்தச் சுமையே அவரைத் தின்றதென்று ஊரார் நம்பினர்.

கப்பற்றலைவர் குடித்திருந்தார் என்றொரு வதந்தியும் கிளம்பிற்று. மரண விசாரணையில் அது நிற்கவில்லை. அறுபது நாள் என்ற விளம்பரத்துக்கு அவருடைய தெரிவிற் பங்கிருந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். எனினும் அவரை மாத்திரம் குறை கூறுவது நியாயமாகப் படவில்லை. அவருக்குத் தெரிந்திராத ஒன்று அன்று இங்கிலாந்தின் தென்பகுதிக்குத் தெரிந்திருந்தது. அதே நாள் பிற்பகல் மூன்று மணியளவிலேயே சூறாவளி டெவன், கோர்ண்வால் கரைகளைத் தாக்கிவிட்டது. அங்கிருந்து வடக்கே நகர்ந்து, இருட்டியபின் ஆங்கிள்சிக்கு வந்தது. காற்று நடந்து வந்த வழியெங்கும் தந்திக் கம்பிகள் இருந்தன. "புயல் வருகிறது" என்று ஒரு தந்தி ஹொலிஹெட்டுக்கு வந்து, அங்கே ஒரு குறி ஏற்றப்பட்டிருந்தால், மேற்றளத்திற் கூடி நின்ற அத்தனை பேரும் அதைக் கண்டிருப்பர். அனுப்புவது ஒருவருடைய கடமையாகவும் இருக்கவில்லை. அந்தப் புயலில் மட்டும் பிரித்தானியக் கரைகளில் 133 கப்பல்கள் மூழ்கின.

இதை எடுத்துக்காட்டி வாதிட்டவர் றொபேர்ட் பிட்ஸ்ரோய். சார்ள்ஸ் டார்வினை ஏற்றிச் சென்ற "பீகிள்" கப்பலின் தலைவர் என்றே நாம் வகுப்பில் அவரைப் படித்திருப்போம். 1854 முதல் பிரித்தானிய அரசின் புதிய வானிலைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. "றோயல் சார்ட்டர்" புயல் மணிக்கு மணி எங்கே நின்றதென அவர் படம் வரைந்து காட்டினார். 1861 பெப்ரவரியிற் கரையோரத் துறைமுகங்களுக்குத் தந்திமூலம் புயல் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. தந்தி வந்ததும் கம்பத்திற் கூம்பும் உருளையும் ஏற்றுவர். கூம்பின் முனை மேல் நோக்கினால் வடதிசைக் காற்று. கீழ் நோக்கினால் தென்திசைக் காற்று. அவ்வாண்டு ஒகஸ்டில் "த டைம்ஸ்" பத்திரிகையில் நாளாந்த வானிலைக் கணிப்பும் வரலாயிற்று.

கணிப்புத் தவறியபோது பத்திரிகைகள் நகைத்தன. கூம்பு ஏறிய நாளில் மீனவர் கடலுக்குப் போகாததால் வருமானம் குறைகிறதென்று படகு முதலாளிகள் முறையிட்டனர். அறிஞர்கள் சிலரும் இது விஞ்ஞானமன்று என்றனர். 1865 ஏப்ரில் 30இல் பிட்ஸ்ரோய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு எச்சரிக்கைகளை நிறுத்தியும் விட்டார்கள். அவற்றைத் திரும்பக் கேட்டவர்கள் கடலோடிகள்தாம். 1867இற் கூம்புகள் மறுபடி ஏறின.

1978 நவம்பரிற் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட இரவை அனுபவித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். "கடற்றொழிலாளர் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற வானொலி அறிவித்தலை நாம் பாதிக் காதோடு கேட்டுவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். அந்த ஒரு வரியின் வழித்தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் மொயில்வ்ரே பாறைகளுக்கும் போய்ச் சேரலாம்.

அந்த ஊரின் கதையில் இன்னுமொரு நாள் உண்டு. நூறு ஆண்டுகள் கழித்து, 1959 ஒக்டோபர் 27இல், அதே வகைச் சூறாவளியில், அதே பாறைக் கரையருகே "ஹின்ட்லி" என்ற சரக்குக் கப்பல் நங்கூரம் அறுந்து அலைந்தது. றிச்சட் எவான்ஸ் என்பவர் ஊரின் உயிர்காப்புப் படகை, முழுக் குழுவும் வந்து சேருமுன்னரே கடலில் இறக்கினார். அலைகளுக்குள் அதைக் கப்பலின் பக்கத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனார். கப்பலில் இருந்தவர்கள் எண்மர். எண்மரும் கரையேறினர்.