பழைய அமெரிக்க விஸ்கி சேகரிப்பு

பழைய அமெரிக்க விஸ்கி சேகரிப்பு என்பது, பல பத்தாண்டுகளுக்கு முன்னர் ஐக்கிய அமெரிக்காவில் புட்டியில் அடைக்கப்பட்டு இன்றுவரை திறக்கப்படாதிருக்கும் விஸ்கிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றின் காலத்தையும் மூலத்தையும் கண்டறிந்து, சுவைத்து ஒப்பிடும் பொழுதுபோக்கு ஆகும். இத்தகைய புட்டிகளைச் சேகரிப்பாளர்கள் தூசி படிந்தவை என்னும் பொருளில் "டஸ்ட்டி" என அழைப்பர். மூடப்பட்ட வடிசாலைகள் பலவற்றின் விஸ்கி இப்புட்டிகளில் மட்டுமே எஞ்சியுள்ளது. நாணயத்தையோ அஞ்சல்தலையையோ எத்தனை முறையும் எடுத்துப் பார்க்கலாம். விஸ்கியைச் சுவைத்து அறிந்தால் சேகரிப்பு அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

அடிப்படைச் செய்திகள்

அமெரிக்க விஸ்கியில் பேர்பன், ரை ஆகிய இரண்டும் முதன்மையானவை. பேர்பனுக்கான தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளமும், ரை விஸ்கியில் குறைந்தது 51% ரை தானியமும் இருத்தல் வேண்டும். வடித்த சாராயம், உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாயில் முதிர வைக்கப்படுகின்றது. நிறமும் மணமும் பெரும்பாலும் அம்மரத்திலிருந்தே வருகின்றன.

வைனைப் போலன்றி, விஸ்கி புட்டியில் முதிர்வதில்லை. எட்டு ஆண்டுகள் பீப்பாயில் இருந்து 1950 ஆம் ஆண்டில் அடைக்கப்பட்ட விஸ்கி இன்றும் எட்டாண்டு விஸ்கியே ஆகும். ஆகவே சேகரிப்பாளர் தேடுவது அக்காலத் தயாரிப்பு முறையின் சுவையையே.

வரலாறு

கலப்படமும் 1897 ஆம் ஆண்டுச் சட்டமும்

19 ஆம் நூற்றாண்டில் விஸ்கி பெரும்பாலும் பீப்பாய்களிலேயே வணிகர்களுக்குச் சென்றது. இடைத்தரகர் பலர் சுவையற்ற சாராயத்தில் உலர்பழச் சாறு, புகையிலை, நிறமிகள் முதலியவற்றைக் கலந்து பழைய விஸ்கி என விற்றனர். வாங்குபவருக்கு உண்மையை அறிய வழியில்லை. 1870 ஆம் ஆண்டில் லூயிவில் நகரில் ஜார்ஜ் கார்வின் பிரவுன் தமது ஓல்ட் ஃபாரஸ்டர் விஸ்கியை மூடி முத்திரையிட்ட புட்டிகளில் மட்டுமே விற்கத் தொடங்கினார்.

கென்டக்கியைச் சேர்ந்த வடிசாலை உரிமையாளர் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர், கருவூலச் செயலர் ஜான் கார்லைல் ஆகியோரின் முயற்சியால் 1897 ஆம் ஆண்டில் "பாட்டில்டு இன் பாண்ட்" சட்டம் நிறைவேறியது. இதன்படி, விஸ்கி ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, அரசுக் கண்காணிப்பிலுள்ள பிணைக் கிடங்கில் குறைந்தது 4 ஆண்டுகள் இருந்து, 50% ஆல்ககால் அளவில் அடைக்கப்படல் வேண்டும். மூடியின் மேல் பச்சை நிறக் கலால் ஒட்டுவில்லை ஒட்டப்பட்டது. அதில் வடித்த பருவமும் அடைத்த பருவமும் ஆண்டுடன் இடம்பெற்றன. அரசு உறுதியளித்தது விஸ்கியின் சுவைக்கு அன்று, அதன் உண்மைத்தன்மைக்கே. அந்த ஒட்டுவில்லை இன்று சேகரிப்பாளருக்கு முதன்மையான வரலாற்றுச் சான்றாக விளங்குகின்றது.

மதுவிலக்குக் காலம்

1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. எனினும் ஆறு நிறுவனங்கள் மருந்தாக விஸ்கி விற்க உரிமம் பெற்றிருந்தன. மருத்துவரின் சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஒரு பைன்ட் புட்டி வாங்க முடிந்தது. போர்க்கால உணவுச் சட்டத்தால் 1917 ஆம் ஆண்டிலேயே குடிப்பதற்கான சாராயம் வடித்தல் நின்றிருந்ததால், இப்புட்டிகளில் பல, பத்தாண்டுகளுக்கு மேல் பீப்பாயில் கிடந்த விஸ்கியைக் கொண்டவை. அவற்றில் மரச்சுவை மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம்.

எழுச்சியும் சரிவும்

மதுவிலக்கு நீங்கியபின் புதிய வடிசாலைகள் தோன்றின. லூயிவில் அருகே 1935 ஆம் ஆண்டில் தொடங்கி 1992 ஆம் ஆண்டில் வடித்தலை நிறுத்திய ஸ்டிட்செல்-வெல்லர் அவற்றுள் புகழ்பெற்றது. அங்கு பேர்பனில் ரை தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை சேர்க்கப்பட்டது. 1970களில் வோட்காவின் செல்வாக்கு உயர, விஸ்கி விற்பனை வீழ்ந்தது. விற்காத புட்டிகள் சிறு கடைகளின் அலமாரிகளில் தேங்கின. பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் தேடிச் சென்றவை இவையே.

காலத்தைக் கணித்தல்

புட்டியின் காலத்தை அறியப் பின்வரும் அடையாளங்கள் உதவுகின்றன.

• விற்பனையையும் மறுபயன்பாட்டையும் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கின்றது என்ற வாசகம் கண்ணாடியில் புடைப்பாக இருந்தால், புட்டி பொதுவாக 1935 முதல் 1964 வரையிலான காலத்தைச் சேர்ந்தது.
• கலால் ஒட்டுவில்லைக்கான கட்டாயம் 1985 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.
• கொள்ளளவு குவார்ட்டின் ஐந்தில் நான்கு பங்கு எனக் குறிக்கப்பட்டிருந்தால் அது 1980 ஆம் ஆண்டுக்கு முற்பட்டது; அவ்வாண்டு முதல் 750 மில்லிலீட்டர் போன்ற மெட்ரிக் அளவுகள் கட்டாயமாயின.
• அரசின் உடல்நல எச்சரிக்கை 1989 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இடம்பெறுகின்றது.

ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யாமல், அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனப் பார்த்தல் வேண்டும்.

சுவைத்தல்

பழைய விஸ்கியின் சுவை வேறுபடுவதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, பீப்பாயில் நிரப்பும்போது இருக்கும் ஆல்ககால் அளவு. இதன் உச்ச வரம்பு 1962 ஆம் ஆண்டில் 55 விழுக்காட்டிலிருந்து 62.5 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. குறைந்த அளவில் நிரப்பிய விஸ்கிக்கு, அடைக்கும்போது சேர்க்க வேண்டிய நீரும் குறைவு. ஆதலால் பீப்பாயில் ஊறிய சாரம் அதிகம் நீர்த்துப் போவதில்லை.

பழைய தக்கைகள் எளிதில் உடைவதால் மெதுவாகத் திறந்து, தேவையெனில் வடிகட்டி ஊற்றுவர். திறந்த புட்டியில் காற்றுப் பட்டு மணம் மாறும் என்பதால், அரிய புட்டியைத் தனியே வைத்திராமல் பலர் கூடிச் சிறிதளவாகப் பகிர்ந்து, குறிப்பெடுத்துக்கொள்வது வழக்கம். புட்டிகளை வெயில் படாமல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். படுக்க வைத்தால் ஆல்ககால் தக்கையை அரித்துவிடும்.

போலிகளும் பிற இடர்களும்

விலை உயர்ந்ததால் வெற்றுப் புட்டியில் மலிவான விஸ்கியை நிரப்பி விற்கும் மோசடியும் வளர்ந்தது. கிழிந்து மீண்டும் ஒட்டப்பட்ட ஒட்டுவில்லை, புட்டியின் வயதுக்குப் பொருந்தாத நிரப்பு மட்டம் ஆகியன எச்சரிக்கைக் குறிகள். 1897 ஆம் ஆண்டுச் சட்டம் ஒழிக்க முயன்ற ஏமாற்று, அச்சட்டம் தோற்றுவித்த ஒட்டுவில்லையையே கருவியாகக் கொண்டு மீண்டும் நிகழ்வது இதில் காணத்தக்கது.

1950களிலிருந்து விற்கப்பட்ட அழகுப் பீங்கான் குடுவைகள் சிலவற்றின் பூச்சிலிருந்து ஈயம் விஸ்கியில் கலந்திருக்கக்கூடும். சோதிக்காமல் அவற்றிலிருந்து குடித்தல் தீங்கானது.

சட்டநிலை

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் உரிமமின்றித் தனியார் மதுவை விற்றல் குற்றமாகும். கென்டக்கி மாநிலம் 2017 ஆம் ஆண்டில் இயற்றி, 2018 ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், திறக்கப்படாத பழைய புட்டிகளை உரிமம் பெற்ற கடைகள் தனியாரிடமிருந்து வாங்கி விற்க வழிசெய்தது. அம்மாநிலத்தின் பார்ட்ஸ்டவுன் நகரிலுள்ள ஆஸ்கர் கெட்ஸ் விஸ்கி வரலாற்று அருங்காட்சியகத்தில் மதுவிலக்குக் கால மருந்துப் புட்டிகள் உள்ளிட்ட பல பொருட்களைக் காணலாம்.

இவற்றையும் பார்க்க

• பேர்பன் விஸ்கி
• ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு
• கென்டக்கி