லாரா பால்மரைக் கொன்றது யார்? பதில் கிடைத்த பிறகு நடந்த கதை

மர்மத் தொடர் பார்ப்பவர்களிடம் ஒரு பழைய தீர்ப்பு உண்டு. "முடிச்சை அவிழ்த்தாங்க, தொடர் அன்னிக்கே செத்துப்போச்சு." உதாரணம் கேட்டால் முதலில் வரும் பெயர் 'ட்வின் பீக்ஸ்'. நானும் ரொம்ப நாள் இதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். சமீபத்தில் இரண்டாம் சீசனை விடாமல் வரிசையாகப் பார்த்தபோதுதான் அந்தத் தீர்ப்பில் ஏதோ இடிக்கிறதே என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். கொலையாளி யார் என்பதையும் சொல்லிவிடுவேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கேயும் போய்விடாது.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் முதல் பகுதி வந்தது. உருவாக்கியவர்கள் டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய ஒரு கற்பனை ஊர். மரம் அறுக்கும் ஆலை, அருவி, ஒரு ஓட்டல். ஒருநாள் காலையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு பெண்ணின் உடல் கரை ஒதுங்குகிறது. பள்ளியில் எல்லோருக்கும் பிடித்த லாரா பால்மர். விசாரிக்க எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பர் வருகிறார். அன்றிரவு அதைப் பார்த்தவர்கள் சுமார் மூன்றரைக் கோடி பேர்.

ஒரு தொலைக்காட்சிக் கேள்வி நாட்டையே பிடித்து ஆட்டுவது அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1980-ல் 'டாலஸ்' தொடரில் ஜே.ஆர். என்ற பாத்திரத்தை யாரோ சுட்டார்கள். சுட்டது யார் என்று தெரிந்துகொள்ள மார்ச்சிலிருந்து நவம்பர் வரை எட்டு மாதம் மக்கள் காத்திருந்தார்கள். ஆனால் அன்றைக்குப் பேச்சு முழுக்க ஞாபகத்தை நம்பித்தான். பார்த்தது பார்த்ததுதான், நினைத்தபோது திரும்பப் பார்க்கப் பெரும்பாலோருக்கு வழியில்லை. பத்து வருஷத்தில் இரண்டு விஷயம் மாறியிருந்தது. ஒன்று, பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் வீடியோ ரெக்கார்டர் வந்திருந்தது. இன்னொன்று, பல்கலைக்கழகக் கணினிகளையும் தொழில்நுட்ப நிறுவனக் கணினிகளையும் இணைத்த யூஸ்நெட். வலைத்தளங்கள் வருவதற்கு முந்தைய காலம். வெறும் எழுத்து மட்டும்தான். அதில் 'ஆல்ட்.டிவி.ட்வின்-பீக்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார்கள்.

அங்கே நடந்த வேலையைப் பார்த்தால் துப்பறியும் அலுவலகம் தோற்றுப்போகும். ஒளிபரப்பைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். எந்த நாளில் எத்தனை மணிக்கு யார் எங்கே இருந்தார் என்று கால அட்டவணை போட்டார்கள். வசனங்களைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டார்கள். பெயர்களின் எழுத்துகளை மாற்றிப்போட்டு வேறு சொல் வருகிறதா என்று தேடினார்கள். லாராவின் நகத்துக்கு அடியில் 'ஆர்' என்ற எழுத்து அச்சிட்ட சின்னக் காகிதத் துண்டு கிடைக்கிறது. முன்பு கொலையான தெரஸா பேங்க்ஸ் என்ற பெண்ணின் நகத்துக்கு அடியில் 'டி'. ஒரு பெயரைக் கொலையாளி எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டு போகிறான். இதைவிட ருசியான தீனி ரசிகர்களுக்கு என்ன வேண்டும், சொல்லுங்க?

ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் இந்தக் குழுவைப் பற்றி 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். டேவிட் லிஞ்ச் தங்களோடு விளையாடுகிற ஒரு பெரிய தந்திரக்காரர், அவர் எதையும் சும்மா வைக்கமாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. காபிக் கோப்பை முதல் போக்குவரத்து விளக்கு வரை எல்லாமே தடயம்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. அரங்கப் பொருட்களை அடுக்கும் ஊழியர் ஃப்ராங்க் சில்வா. படப்பிடிப்பில் அவரைப் பார்த்த லிஞ்சுக்கு, இவரைக் கதைக்குள் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றுகிறது. லாராவின் கட்டில் பக்கம் அவரைப் பதுங்க வைத்து ஒரு காட்சி எடுக்கிறார், எதற்கென்று தெரியாமலே. அதற்குப் பிறகு லாராவின் அம்மா அலறும் காட்சியை எடுத்தபோது, சுவர்க் கண்ணாடியில் சில்வாவின் உருவம் தற்செயலாக விழுந்துவிட்டது. வேறு இயக்குநராக இருந்தால் திரும்ப எடுத்திருப்பார். லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார். 'பாப்' என்ற கொடிய ஆவி பிறந்தது இப்படித்தான். எல்லாம் திட்டம் போட்டு வைத்த தடயம் என்று நம்பிய தொடரில், மையப் பாத்திரமே ஒரு விபத்து!

முதல் சீசன் 1990 மே 23-ல் முடிந்தது. கொலையாளி யாரென்று சொல்லவில்லை. கூப்பரை யாரோ சுட்டதுதான் கடைசிக் காட்சி. கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "இவங்களுக்கே பதில் தெரியாது போல" என்ற சந்தேகம் பலமாக எழுந்தது. செப்டம்பரில் லாராவின் ரகசிய நாட்குறிப்பு என்று ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் லிஞ்சின் மகள் ஜெனிஃபர் லிஞ்ச். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு பெண்குழந்தைக்கு நடக்கும் கொடுமை அதில் இருக்கிறது. அதையும் தடயம் தேடித்தான் பலர் வாசித்தார்கள். எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, எந்தத் தேதி விடுபட்டிருக்கிறது என்று.

அதே மாதம் 29-ம் தேதி 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் கூப்பராக நடித்த கைல் மெக்லாக்லனே வந்து ஒரு நையாண்டி நாடகம் போட்டார். குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான், வழக்கு முடிந்தது என்று ஷெரிஃப் சொல்கிறார். கூப்பர் ஏற்க மறுக்கிறார். விசாரணை தொடரவேண்டும் என்று அடம்பிடிக்கிறார். சிரிப்பு கூப்பரைப் பார்த்து மட்டும் இல்லை, ரசிகர்களைப் பார்த்தும்தான்.

பதிலைச் சொல்லும் எண்ணமே லிஞ்சுக்கு இல்லை. அந்தக் கேள்வி பொன் முட்டையிடும் வாத்து, அதை அறுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்கடி ஜெயித்தது. ரகசியம் கசியாமலிருக்க, கொலைக் காட்சியை மூன்று நடிகர்களை வைத்துத் தனித்தனியாக எடுத்தார்கள். 1990 நவம்பர் 10, சனிக்கிழமை இரவு, பதில் வெளியானது. கொன்றது லேலண்ட் பால்மர். லாராவின் அப்பா. அவருக்குள் புகுந்திருந்தது பாப்.

இப்போது அந்தப் பழைய தீர்ப்புக்கு வருவோம். பதில் சொன்னதும் தொடர் செத்ததா?

பதில் வந்த அந்தப் பகுதியை மட்டமானது என்று சொல்லும் ரசிகர் அபூர்வம். தொடரின் மிகச் சிறந்த பகுதி எது என்ற சண்டையில் இன்றைக்கும் முதல் வரிசையில் நிற்பது அதுதான். ஆக, பதிலில் பிரச்சினை இல்லை. அதற்கடுத்த சில வாரங்களைக் கவனியுங்கள். டிசம்பர் 1-ல் லேலண்ட் காவலில் இறக்கிறார். குற்றவாளி லேலண்டா, பாப்பா என்ற கேள்வி அந்தப் பகுதியின் முடிவில் எழுகிறது. பாப் என்பது மனிதர்கள் செய்யும் தீமைக்கு நாம் வைத்த பெயராக இருக்கலாமே என்கிறார் ஆல்பர்ட் என்ற அதிகாரி. தொடரின் மிகப் பெரிய கேள்வி இதுதான். டிசம்பர் 8-ல் அடுத்த பகுதி. லேலண்டின் இறுதிச்சடங்கு முடிந்து துக்க வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். இரண்டு கிழவர்கள் பழைய பகையில் சண்டை போட, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். மகளைப் பல வருஷம் சீரழித்துக் கொன்ற அப்பாவைப் பற்றி அந்த ஊருக்குப் பேச ஒன்றுமில்லை.

அப்புறம் வந்த கதைகள்? ஓட்டல் முதலாளி தன்னை உள்நாட்டுப் போர்த் தளபதி என்று நினைத்துக்கொள்கிறார். முப்பது தாண்டிய பெண் தன்னைப் பதினெட்டு வயதுக்காரி என்று நம்பிப் பள்ளிக்கூடம் போகிறாள். லாராவின் காதலன் வேறு ஊரில் வேறொரு பெண்ணோடு சிக்கிக்கொள்கிறான். ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்ட பகுதிகள் இவை. லிஞ்ச் இயக்கியது, மற்றவர்கள் இயக்கியது என்று பிரித்து மதிப்பெண் போடும் பழக்கமும் சூடுபிடித்தது. முப்பதில் அவர் இயக்கியது ஆறு.

நியாயமாகச் சொன்னால் வேறு காரணங்களும் உண்டு. சனிக்கிழமை இரவு பத்து மணி என்பது இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம். 1991 ஜனவரியில் வளைகுடாப் போர்ச் செய்திகள் குறுக்கே வந்தன. பிப்ரவரியில் தொடரை நிறுத்தி வைத்தார்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவிக்க, மார்ச் இறுதியில் திரும்பி வந்து, ஜூன் 10-ல் முடிந்தது.

ஆனாலும் என் கணக்கு இதுதான். தொடரைக் கொன்றது பதில் இல்லை. பதில் கிடைத்ததும் லாராவைக் கைவிட்டதுதான். எழுதியவர்களும் கைவிட்டார்கள், பார்த்தவர்களில் பலரும் கைவிட்டார்கள். 'யார்' என்று தெரிந்துவிட்டது, இனி அந்தப் பெண்ணிடம் கேட்க என்ன இருக்கிறது என்ற மாதிரி. உண்மையில் கேட்கவேண்டியது அதற்குப் பிறகுதான் இருந்தது. அந்த வீட்டில் என்ன நடந்தது? அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்? ஊருக்கு?

லிஞ்சுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வருஷமே லாராவின் கடைசி ஏழு நாட்களைப் படமாக எடுத்தார். 'ஃபயர் வாக் வித் மீ', 1992. அதில் ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சி வரும். அப்பா மகளின் கையைப் பிடித்துப் பார்த்து, நகத்தில் அழுக்கு, போய்க் கைகழுவு என்று மிரட்டுவார். அம்மா விடச்சொல்லிக் கெஞ்சுவாள். வேறொன்றும் நடக்காது. ஆனால் மூச்சுமுட்டும். தொடரில் எழுத்துத் துண்டு கிடைத்த அதே நகம்! அங்கே அது புதிர், இங்கே அது ஒரு பெண்ணின் கை. ஷெரில் லீ நடித்த லாரா தொடரில் பெரும்பாலும் ஒரு புகைப்படமாகவே இருந்தவள். படத்தில் உயிரோடு இருக்கிறாள்.

அன்றைக்குப் படம் அமெரிக்காவில் படுதோல்வி. விமர்சகர்கள் கிழித்தார்கள். ரசிகர்களிலும் பலருக்கு ஏமாற்றம். "கூப்பர் எங்கே, காபி எங்கே, கொலையாளிதான் முன்னாடியே தெரியுமே" என்றார்கள். மறுமதிப்பீடு மெதுவாகத்தான் வந்தது. வீட்டுக்குள்ளேயே கொடுமையை அனுபவித்தவர்கள் இந்தப் படம் தங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று தன்னிடம் சொன்னதாக ஷெரில் லீ பேசியிருக்கிறார். அவர்களுக்கு அது மர்மப் படமே இல்லை.

2017-ல் பதினெட்டுப் பகுதிகளோடு தொடர் மறுபடி வந்தது. கடைசியில் கூப்பர் காலத்தில் பின்னோக்கிப் போய் லாராவின் கொலையையே அழிக்கப் பார்க்கிறார். லாராவின் முகம் கொண்ட ஒரு பெண்ணை அந்தப் பழைய வீட்டு வாசலுக்குக் கூட்டி வருகிறார். உள்ளே வேறு யாரோ குடியிருக்கிறார்கள். இது எந்த வருஷம் என்று கூப்பர் குழம்பி நிற்கிறார். எங்கிருந்தோ அவள் பெயர் சொல்லி ஒரு குரல். அவள் அலறுகிறாள். விளக்குகள் அணைகின்றன. முடிந்தது.

மறுநாளே விளக்கங்கள் கிளம்பிவிட்டன. கடைசி இரண்டு பகுதிகளை ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் விடை தெரியும் என்றுகூட ஒரு கட்சி. நான் அவர்களைக் கேலி செய்யமாட்டேன். நானும் அந்த ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து விளக்கங்களாகப் படித்தவன்தான். ஆனால் படித்து முடித்து விளக்கை அணைத்தபோது ஒரு விளக்கமும் மனசில் நிற்கவில்லை. அந்த அலறல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.