வரையறைக்குள் அடங்காத பேச்சு: வில்லியனூர், பாகூர் கொம்யூன் பள்ளிகளில் பேச்சு-மொழி வல்லுநர் பணி

1. பொருளும் எல்லையும்

இக்கட்டுரையில் ‘பேச்சு’ என்பது ஒலிப்பு, குரல், சரளம் ஆகிய மூன்றையும் குறிக்கும். ‘மொழி’ என்பது கேட்டதைப் புரிந்துகொள்வதையும் எண்ணியதைத் தொடராக அமைத்துச் சொல்வதையும் குறிக்கும். இவற்றில் நேரும் குறையைக் கண்டறிந்து பயிற்சி அளிப்பவர் பேச்சு-மொழி வல்லுநர். ஊர் வழக்கில் ஸ்பீச் தெரபிஸ்ட். சிறப்பாசிரியர் வேறு. அவர் பாடத்தைக் குழந்தைக்கு ஏற்ப மாற்றித் தருகிறார். வல்லுநரோ பாடத்தைக் கேட்கவும் திருப்பிச் சொல்லவும் தேவையான திறனை வளர்க்கிறார். இருவருமே 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டத்தின்கீழ் பதிவு பெறுபவர்கள் என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர் இருவரையும் ஒருவராகவே எண்ணிவிடுகிறார்.

புதுச்சேரிப் பகுதியின் கிராமக் கொம்யூன்களில் வில்லியனூர், பாகூர் ஆகிய இரண்டை மட்டும் களமாகக் கொள்கிறோம். இங்கே வல்லுநர் எந்தக் குழந்தையைப் பார்க்கிறார், எத்தனை முறை பார்க்கிறார் என்பதைக் குழந்தையின் தேவையைவிடச் சட்டத்தின் சொற்களே தீர்மானிக்கின்றன என்பது எங்கள் கருத்து.

2. வரையறையால் விளைவது

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு குறைபாடுகளைச் சொன்னது. பேச்சுக்குத் தனியிடம் தரவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி, ‘பேச்சு, மொழிக் குறைபாடு’ என ஒரு வகையையும் சேர்த்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அட்டவணையில் உள்ள வரையறை, குரல்வளை அகற்றம், பேச்சிழப்பு போன்ற நிலைகளால், உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் உண்டாகும் நிரந்தரக் குறை என்கிறது. குரல்வளையை அகற்றுவது பெரும்பாலும் புற்றுநோய் கண்ட பெரியவர்களுக்கு. பேச்சிழப்பு பெரும்பாலும் பக்கவாதத்தின் பின்விளைவு. பள்ளிப் பிள்ளையை மனத்தில் வைத்து இவ்வரையறை எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

இதனால் பேச்சில் இடர்ப்படும் மாணவர்கள் இரு பிரிவாகிறார்கள். முதற்பிரிவினர் வேறொரு பெயரில் சட்டத்துக்குள் வருபவர்கள்: இரு காதுகளிலும் 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேள்வி இழந்தவர்கள், மூளை முடக்குவாதம், புறவுலகச் சிந்தனைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு உடையவர்கள். இரண்டாம் பிரிவினருக்கு அப்படி ஒரு பெயர் கிடைப்பதில்லை. ஒலிப்புப் பிழை, திக்குவாய், வெளிப்படையான காரணம் இல்லாத வளர்ச்சிசார் மொழிக்குறை ஆகியவை இதில் அடங்கும். 55 டெசிபல் இழந்த குழந்தையும் இங்கேதான் நிற்கிறது.

இரண்டாம் பிரிவுக்கு ஒரு மாதிரி கொள்வோம். பாகூர்ப் பக்கம் இரண்டாம் வகுப்புச் சிறுவன் ‘காக்கா’ என்பதைத் ‘தாத்தா’ என்கிறான். அடிநாவில் பிறக்க வேண்டிய ககரம் நுனிநாவுக்கு வந்துவிடுகிறது. மூன்று வயதில் இது மழலை. ஏழு வயதில் பிழை. சொல்வதெழுதுதலில் ஆசிரியர் ‘கடை’ என்கிறார், அவன் ‘தடை’ என்று எழுதுகிறான். பேச்சில் இருந்த பிழை எழுத்துக்கும் இறங்கிவிட்டது. வீட்டில் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவியாகிவிட்டது. “அவங்க அப்பாவும் இப்படித்தான், தானா சரியாயிடும்” என்று பாட்டி சொல்லியும் ஆகிவிட்டது. இவனுக்கு 40 விழுக்காட்டு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடைக்க வழியில்லை. பல சலுகைகள் அந்த 40-இல்தான் தொடங்குகின்றன. உரிய வயதில் தொடர்ந்து பயிற்சி தந்தால் பெரும்பாலும் முற்றிலும் சீராகிவிடும் குறை இது. சீராகக்கூடியது நிரந்தரமன்று, நிரந்தரமல்லாதது சட்டக்குறையன்று.

அமெரிக்காவில் 1975-இல் தொடங்கிய சிறப்புக்கல்விச் சட்ட மரபு வேறு வழியில் சென்றது. திக்குவாயையும் ஒலிப்புக் குறையையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அது கல்வியைப் பாதிக்கிறதா என்ற ஒரே கேள்வியை அளவுகோலாக வைத்தது. நம் சட்டம் உடலை அளக்கிறது; அச்சட்டம் வகுப்பறையைப் பார்க்கிறது.

3. பணியிடத்தால் விளைவது

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், சிறப்பாசிரியர்-மாணவர் விகிதத்தை வகுக்கச் சொன்னது. 2022 ஜூனில் மத்திய அரசு தொடக்கநிலைக்குப் பத்து மாணவர்க்கு ஒருவர், உயர்தொடக்கநிலைக்குப் பதினைந்து மாணவர்க்கு ஒருவர் என அறிவித்தது. 2025 மார்ச்சில் பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. மூன்றும் சிறப்பாசிரியரைப் பற்றியவை. பேச்சு-மொழி வல்லுநருக்கு இப்படி ஒரு விகிதம் வகுக்கப்படவில்லை. விகிதம் இல்லாத பதவி பணியிடமாக எண்ணப்படுவதில்லை.

2018-இல் தொடங்கிய ‘சமக்ர சிக்ஷா’ பள்ளிக்கல்வித் திட்டத்தில் சிகிச்சை உதவி ஒரு செலவினம் மட்டுமே. துணைக்கருவி, போக்குவரத்து எனப் பலவற்றுக்கும் சேர்த்து ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை.

ஒலிப்புப் பயிற்சி படிப்படியாகச் செல்வது. காதால் பிரித்தறிதல், தனி ஒலி, அசை, சொல், தொடர், இயல்பான உரையாடல் என்பது வரிசை. ஒரு படி உறைவதற்குள் இடைவெளி நீண்டால் குழந்தை முந்தைய படிக்கே திரும்பிவிடுகிறது. நிலையான பணியிடம் இல்லாமல் இச்செலவினத்தின்கீழ் வந்து போகும் வல்லுநரால் மதிப்பிட முடியும், அறிக்கை எழுத முடியும்; திருத்த முடியாது.

பாகூர் கொம்யூனுக்குள்ளேயே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மருத்துவமனைக்கு வாரம் இருமுறை பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய்க்கு அந்த நாள்களின் கூலி போகும், பிள்ளைக்குப் பள்ளி போகும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழு பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அது சுகாதாரத் துறையின் கை. கண்டறிவது ஒரு துறை, கற்பிப்பது மற்றொரு துறை.

4. பாடமொழியால் விளைவது

புதுச்சேரிக்குச் சொந்தப் பள்ளிக்கல்வி வாரியம் இல்லை. தமிழ்நாட்டு வாரியத்தைப் பின்பற்றிய அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24 முதல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கு மாறின. ஆங்கிலத்தின் பங்கு கூடியது. வீட்டிலும் தெருவிலும் தமிழ் மட்டுமே கேட்ட குழந்தை ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை என்றால் அது குறைபாடா, பழக்கமின்மையா என்று பிரிப்பது வல்லுநரின் முதற்கடமை. முதலில் தமிழில் மதிப்பிட வேண்டும், அதுவும் பேச்சுத் தமிழில். ‘வூட்டுக்குப் போறேன்’ என்பதை ‘வீட்டிற்குச் செல்கிறேன்’ என மாற்றத் தெரியாத பிள்ளைக்கு மொழிக்குறை இல்லை. இரு மொழியிலும் தொடர் அமையாவிட்டால்தான் குறை என்பது எங்கள் நிலைப்பாடு. தேர்வில் இரண்டுக்குப் பதில் ஒரு மொழி, கூடுதல் நேரம் ஆகிய சலுகைகளை வாரியம் தருகிறது. அவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். இரண்டாம் பிரிவுக் குழந்தை இங்கும் வெளியே.

5. செய்யக்கூடியது

மத்தியச் சட்டத்தின் வரையறை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பகுதி என்பதால் சமக்ர சிக்ஷா செலவில் நூற்றுக்கு 40 பங்கைப் புதுச்சேரி அரசே ஏற்கிறது. ஆண்டு வேலைத்திட்டத்தை எழுதுவதும் அதுவே. வரும் ஆண்டுத் திட்டத்தில் கொம்யூனுக்கு ஒரு நிரந்தரப் பேச்சு-மொழி வல்லுநர் பணியிடத்தைக் கேட்க வேண்டும். வகுப்பாசிரியரின் பரிந்துரையே போதும், சான்றிதழ் கேட்கலாகாது என்ற விதியையும் உடன் எழுத வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் இதைத் தொடங்குமாறு கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.