'மாணவி' என்றொரு பெயர்: கோவையில் செவிலியர் கல்வி குறித்துச் சில குறிப்புகள்

செவிலியர் கல்வியின் வரலாற்றை நைட்டிங்கேலின் விளக்கிலிருந்துதான் எல்லாரும் தொடங்குகிறார்கள். நாம் கொங்குக் கிராமத்திலிருந்து தொடங்குவோம். இங்கே கல்யாணத்தில் மங்கல வாழ்த்துச் சொல்ல நாவிதக் குடியின் ஆண் வேண்டும். பிள்ளைப்பேற்றில் ரத்தத்தைத் தொட அதே குடியின் பெண் வேண்டும். தொட்ட கைக்குத் தீட்டு. அவளிடம் இருந்த அறிவு அறிவாகவே எண்ணப்படவில்லை. சாதிக் கடமை, அவ்வளவுதான்.

1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1909இல் வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையில் ஒரு பள்ளி. 1946இல் அங்கேயே பட்டப்படிப்பு. தீட்டாக இருந்த தொடுதல் இப்போது 'சேவை' ஆயிற்று. இது சின்ன விஷயமில்லை. கிறித்தவம் தழுவிய ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பலருக்கு இதன்வழி ஒரு தொழிலும் சம்பளமும் கிடைத்தன.

ஆனால் கூடவே 'மாணவி' என்ற வகைமையும் உருவானது. விடுதியில் தங்கி, பாடம் போக மிச்ச நேரமெல்லாம் வார்டில் நிற்பவள் அவள். அவள் செய்வது வேலையல்ல, 'பயிற்சி'. எனவே உதவித்தொகை இருக்கலாம், கூலி இருக்காது. பள்ளியை மருத்துவமனையின் ஆள்தேவையிலிருந்து பிரியுங்கள் என்று 1923இலேயே அமெரிக்காவில் ஜோசபின் கோல்ட்மார்க்கின் அறிக்கை சொன்னது. 1946இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, இந்தியாவில் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர், 43,000 மக்களுக்கு ஒருவர் என்று கணக்கிட்டது. இத்தனை பற்றாக்குறை உள்ள இடத்தில் மாணவியின் கையை யார் விட்டுவைப்பார்கள்?

இனி கோவை. லட்சுமி மில் 1910, பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926, ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952, பி.எஸ்.ஜி. செவிலியர் கல்லூரி 1994. பஞ்சாலை முதல் மருத்துவமனையாகவும் கல்லூரியாகவும் மாறிய இந்த வரலாற்றால் நகரம் நிறையவே பெற்றது. தனியார் செவிலியர் கல்லூரிகள் வட்டாரமெங்கும் பெருகிய அதே காலத்தில்தான் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' பரவியது. இரண்டும் ஒன்றே என்பது அபத்தம். ஒருத்தி பட்டத்துக்காகப் போகிறாள்; இன்னொருத்தி, மூன்று வருஷம் கழித்துத் தருவதாகச் சொன்ன தொகைக்காக. ஆனால் பெயரிடுதலைக் கவனியுங்கள். அங்கே 'அப்ரண்டிஸ்', இங்கே 'மாணவி'. இருவரையும் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்துவது இந்தப் பெயர்கள்தான். தனியார் கல்லூரியில் படிப்பவள் ஃபீஸும் கட்டிவிட்டு நைட் டூட்டி பார்க்கிறாள். நோயாளிக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது: "ஏனுங்க சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிருச்சுங்க."

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எம்.எஸ்ஸி. நர்சிங் ஆய்வேடுகளில் 'மாணவியரின் மன அழுத்தம்' அடிக்கடி வரும் தலைப்பு. முன்தேர்வு, ஒரு 'தலையீடு', பின்தேர்வு. தலையீடு என்பது யோகா, மூச்சுப் பயிற்சி, இசை. இத்தனை நோயாளிக்கு எத்தனை பேர், மாணவிகள் வராவிட்டால் அந்த ஷிஃப்ட் ஓடுமா என்ற கேள்விகள் வினாத்தாளில் இடம்பெறுவது அரிது. வார்டில் இருக்கும் நெருக்கடி அவள் மனசுக்குள் இருக்கும் கோளாறாக எழுதப்படுகிறது. ஆய்வு செய்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் நேற்றைய மாணவி, மருத்துவமனை அனுமதி இல்லாமல் அவரால் ஒரு தாளைக்கூட நிரப்ப முடியாது.

2016இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த குழு, தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தது மாதம் 20,000 ரூபாய் தரப் பரிந்துரைத்தது. மாதம் 7,700 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடினார்கள்; உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. 'சேவை' என்ற சொல்லாடலுக்கு எதிரே 'ஊதியம்' என்ற சொல் வெளிப்படையாக வைக்கப்பட்டது. ஆனாலும் பேசப்பட்டது வேலைக்குச் சேர்ந்தவர்களின் ஊதியம் மட்டுமே.

மாணவியின் வார்டு நேரத்தை யாராவது கணக்கெடுக்க வேண்டும். கோவையிலும் ஈரோட்டிலும் ஓய்வுபெற்ற செவிலியர்கள் இருக்கிறார்கள். தங்கள் பயிற்சிக்கால இரவுகளை அவர்களே சொல்ல, நாம் எழுதிக்கொள்வதிலிருந்து இதைத் தொடங்கலாம்.