ஜாக்கெட் என்ற கோட்டு – ஒரு மேல்சட்டையின் கதை

"பொண்ணுங்க போடுற கோட்டா? அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானலுக்குத்தான். தாம்பரம் வெயிலுக்கு கோட்டு எதுக்கு?" என்று யாரும் கேட்கலாம். ஆனால் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் துணி எடுக்கப் போகும் பெண்களில் பாதிப் பேர் கையில் ஒரு கோட்டோடுதான் போகிறார்கள். மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கும் "அளவு ஜாக்கெட்" அது!

ஆங்கிலத்தில் ஜாக்கெட் என்றால் இடுப்போடு நிற்கும் குட்டைக் கோட்டு. தமிழ்நாட்டில் சேலைக்கு உள்ளே போடும் ரவிக்கைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இது தப்பான ஆங்கிலம் என்று சிரிப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்தப் பெயருக்குள் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. எந்தக் கோட்டு யாருக்கு எடுப்பாக இருக்கும் என்ற கேள்விக்கு முன்னால், எந்தக் கோட்டை யார் போடலாம் என்ற கேள்வி இருந்தது. அதற்காக அடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

மெய்ப்பையும் கச்சும்

தைத்த மேல்சட்டை தமிழர்களுக்குத் தெரியாத பொருள் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டு, பாசறையில் காவல் காக்கும் யவனர்கள் "மெய்ப்பை" அணிந்திருந்ததாகச் சொல்கிறது. உடம்பைப் போட்டுக்கொள்ளும் பை! கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைப்பது கஷ்டம். ஆனால் அது அந்நியர் உடை, படைவீரர் உடை.

பெண்களுக்குக் கச்சு என்ற மார்புக்கட்டு இருந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் சிலவற்றில் கச்சு உண்டு, பலவற்றில் மேலாடையே இல்லை. வெப்பமான நாட்டில் அது வெட்கத்துக்கு உரியதாகக் கருதப்படவில்லை. மேலே துணி போடுவதும் போடாததும் மானப் பிரச்சினை ஆவதற்கு முன்பே அது அந்தஸ்துப் பிரச்சினை ஆகிவிட்டது என்பதுதான் முக்கியம். தெற்கே திருவிதாங்கூரில் இது சட்டமாகவே இருந்தது.

குப்பாயத்துக்காக ஒரு போராட்டம்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே நாடார் பெண்களும், அவர்களைப் போலவே ஒடுக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் தோளை மறைக்கக் கூடாது. மேல் சாதியினர் முன்னால் மார்பைத் திறந்து வைப்பதே "மரியாதை". கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதும் தகராறு வெடித்தது.

இங்கேதான் கோட்டு வருகிறது. 1814-இல் ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில் வந்த உத்தரவு ஒரு விசித்திரமான சமரசம். மதம் மாறிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிள்ளைப் பெண்களையும் போல "குப்பாயம்" என்ற தைத்த சட்டை போடலாம். ஆனால் நாயர் பெண்களைப் போல தோளில் மேல்துணி போடக் கூடாது. அதாவது உடம்பை மூடுவது அனுமதி, மேல் சாதி மாதிரித் தெரிவது குற்றம்! 1829-இல் வந்த அரசப் பிரகடனமும் ஏறக்குறைய இதையே திருப்பிச் சொன்னது.

பெண்கள் விடவில்லை. குப்பாயத்தின் மேல் தோள்சீலையும் போட்டார்கள். 1858-லும் 1859-லும் கலவரம் முற்றியது. சந்தைக்குப் போன பெண்களின் சட்டைகள் கிழிக்கப்பட்டன, வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. அப்போது சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவல்யன் கொடுத்த நெருக்கடியில், 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் மன்னர் புதிய பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் எல்லோரும், மதம் மாறியவர்களும் மாறாதவர்களும், மேலாடை அணியலாம் என்றது அது. அதிலும் ஒரு கொக்கி: மேல் சாதிப் பெண்கள் அணிவது மாதிரி மட்டும் கூடாது!

இந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் நடந்தபோது தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் கலந்துகொண்டார்கள். ஆனால் இதைச் சொன்ன உடை வரலாற்றுப் பாடம், என்.சி.இ.ஆர்.டி.யின் 9-ஆம் வகுப்புப் புத்தகத்திலிருந்து 2019-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் படித்த மாணவிகள் பலருக்கு இந்தக் கதை தெரியாமலே போயிருக்கும்.

ரவிக்கை ஜாக்கெட் ஆனது எப்படி?

வடக்கே கதை வேறு. 1860-களில் ஞானதானந்தினி தேவி (ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி) பம்பாயில் பார்சிப் பெண்கள் சேலை கட்டும் முறையைப் பார்த்து, அதோடு ஜாக்கெட், உள்பாவாடை எல்லாம் சேர்த்து ஒரு புதிய பாணியை வங்காளத்துக்குக் கொண்டுபோனார். வெளியே நடமாடும் படித்த பெண்ணின் உடை என்று அது பரவியது. அன்றைய ஆங்கிலப் பெண்களின் கழுத்து உயர்ந்த, கை நீண்ட மேல்சட்டைதான் அதற்கு மாதிரி. அதனால்தான் அந்தக் காலப் புகைப்படங்களில் இருக்கும் ரவிக்கைகள் நிஜமாகவே கோட்டு மாதிரி இருக்கும். லேஸ், காலர், முழங்கையைத் தாண்டும் கை எல்லாம் உண்டு.

சென்னை வெயில் அந்தக் கோட்டை மெல்ல மெல்ல வெட்டியது. காலர் போனது, கை குட்டையானது, கீழ்விளிம்பு இடுப்புக்கு மேலே ஏறியது. பெயர் மட்டும் ஜாக்கெட்டாகவே நின்றுவிட்டது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இது வரவில்லை. பல உயர்சாதிக் குடும்பங்களில் விதவைகளுக்கு ரவிக்கை மறுக்கப்பட்டது. கிராமங்களில் ரவிக்கையே போடாத பாட்டிகள் சமீப காலம் வரை இருந்தார்கள். "இந்த வயசுல எதுக்கு?" என்பது அவர்கள் பதில். போடும் உரிமை மாதிரியே போடாத உரிமையும் ஒன்று உண்டு என்று அந்தப் பாட்டிகள் காட்டினார்கள்.

ஒரே ஊரில் இரண்டு தையல்

தாம்பரத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சானடோரியத்தில் 1984-இல் ஏற்றுமதி மண்டலம் (மெப்ஸ்) வந்தது. அங்குள்ள கம்பெனிகளில் ஆயத்த ஆடை தைப்பவையும் உண்டு. அங்கே எஸ், எம், எல் என்று அளவு. தைப்பவருக்கு அதை யார் போடப் போகிறார்கள் என்று தெரியாது. போடுபவருக்கும் தைத்தவரைத் தெரியாது.

கொஞ்ச தூரம் தள்ளி மார்க்கெட் பக்கத்துத் தையல் கடையில் எல்லாம் நேர்மாறு. ஒரு உடம்புக்கு ஒரு சட்டை. டேப் பிடித்து அளவெடுப்பதைவிட அளவு ஜாக்கெட்டை மேஜையில் விரித்து அதே மாதிரி வெட்டுவதுதான் வழக்கம். இந்த முறையும் பழசுதான். வெள்ளைக்காரர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, பழைய கவுனைப் பார்த்து அச்சு அசலாகப் புதுக் கவுன் தைத்துக் கொடுக்கும் தையல்காரர்களைப் பற்றி அந்தக் கால ஆங்கிலேயர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். பழைய ஜாக்கெட்டில் இருந்த தப்பும் அப்படியே புதுசில் வந்துவிடும்! மூன்று வருஷத்துக்கு முன் தைத்ததைக் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு முந்தைய உடம்புக்குத்தான் ஜாக்கெட் கிடைக்கும்.

எது எடுப்பாக இருக்கும்?

இதற்குக் கோட்டின் இலக்கணம் கொஞ்சம் தெரிந்தால் போதும். இன்று கடைகளில் கேட்கும் "பிரின்சஸ் கட்" 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கோட்டு, கவுன்களிலிருந்து வந்தது. இடுப்பில் குறுக்குத் தையல் இல்லாமல், தோளிலிருந்தோ கைக்குழியிலிருந்தோ கீழே வரை நீளமாக ஓடும் தையலே அதன் அடையாளம். "ராக்லன்" கை, வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயரில் வந்தது. அதில் கையின் தையல் கழுத்து வரை ஏறும், தோளில் இறுக்கம் இருக்காது.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை இவை:

* தோள்: எந்தக் கோட்டுக்கும் இதுதான் அஸ்திவாரம். தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், விடலாம். தோள் தப்பினால் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

* கழுத்து: குட்டைக் கழுத்துக்கு காலரும் ஹை நெக்கும் இன்னும் குட்டையாகக் காட்டும். 'வி' அல்லது 'யு' கழுத்து நீட்டிக் காட்டும். போட் நெக் தோளை அகலமாகக் காட்டும், ஆகவே ஒடுங்கிய தோளுக்கு நல்லது.

* கை: கை முடியும் இடத்தில்தான் கண் போய் நிற்கும். புஜம் பருமனாக இருந்தால் அதன் நடுவில் கையை முடிக்காமல் முழங்கை பக்கம் இறக்குவது நல்லது.

* சுருக்கம்: போட்டுப் பார்க்கும்போது துணி குறுக்காக இழுத்துச் சுருங்கினால் இறுக்கம், நெடுக்காக மடிந்து தொங்கினால் தளர்வு. சுருக்கம் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கேதான் தப்பு.

* அசைவு: கண்ணாடி முன் நேராக நின்று பார்த்தால் மட்டும் போதாது. ரயிலில் கைப்பிடியைப் பிடிப்பது போலக் கையைத் தூக்கிப் பாருங்கள். சட்டை முழுதும் மேலே ஏறினால் கைக்குழி சரியில்லை.

லைனிங் வைத்துத் தைப்பதாக இருந்தால், பருத்தி லைனிங்கை முன்பே நனைத்துக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும்.

கல்லூரி இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வாங்கும் பிளேசருக்கும் இதே விதிகள்தான். தோள் முதலில், பிறகு கை (மணிக்கட்டு எலும்பு வரை), கடைசியில் நீளம். பட்டன் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

கோட்டுக்கு மேல் கோட்டு

குட்டையாகிப்போன கோட்டு சில சமயம் பெரிதாகித் திரும்பியும் வந்திருக்கிறது. 1991-இல் முதல் முறையாக முதலமைச்சரான ஜெயலலிதா அந்தப் பதவிக் காலத்தில் சேலைக்கு மேல் ஒரு மேலங்கி அணிந்தார். பின்னாளில் அதை விட்டுவிட்டார். அதிகாரத்தில் இருக்கும் ஒரு பெண் தானாகப் போட்டு, தானாகக் கழற்றிய கோட்டு அது.

எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. பல பள்ளிகளில் மாணவிகளின் சுடிதாருக்கு மேல் துப்பட்டாவுக்குப் பதில் கையில்லாத கோட்டு. சில தனியார் பள்ளிகளில் ஆசிரியைகளுக்குச் சேலைக்கு மேல் ஓவர்கோட்டு. ஆசிரியர்களுக்கு அது கிடையாது. வெயிலில் ஜாக்கெட், சேலை, அதற்கு மேல் இன்னொரு கோட்டு. அது எடுப்பாக இருக்கிறதா, வசதியாக இருக்கிறதா என்று போடுபவரை யாரும் கேட்பதில்லை.

1859-இல் சட்டையைக் கிழித்தவர்களும் இன்று கோட்டு போடச் சொல்பவர்களும் ஒன்றல்ல. இருந்தாலும் ஒரு கேள்வி இரண்டு இடத்திலும் இருக்கிறது: அந்தச் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்?

அதனால்தான் தையல் கடையில் நின்று, "கழுத்து இன்னும் ஒரு இன்ச் இறக்குங்கண்ணா, கை முழங்கை வரைக்கும் வேணும்" என்று ஒரு பெண் சொல்வது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் சின்ன விஷயம் அல்ல. கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு என்று அவளே சொல்கிறாள், தையல்காரரும் நோட்டில் குறித்துக்கொள்கிறார். அடுத்த முறை அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, அதை மட்டும் கொடுத்துவிட்டு வராமல் என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லிவிட்டு வாருங்கள்!