வோஜ் மலையின் காளான் மருத்துவர்கள்

கிழக்குப் பிரான்சில் உள்ள வோஜ், ஜூரா மலைகளில் கோடையின் கடைசியில் மழை பெய்து ஓய்ந்தால் காடெங்கும் காளான் முளைக்கும். மலையடிவாரக் குடியானவர்கள் கூடையோடு ஏறிப் பறித்து வருவார்கள். மஞ்சள் நிற ஜிரோல், தடித்த தண்டுள்ள செப் போன்றவற்றை அவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். ஐயமானவற்றுக்குச் சோதனை அடுப்படியில் நடந்தது. கொதிக்கும் சட்டியில் வெள்ளிக் கரண்டியைப் போடுவார்கள். அது கறுத்தால் நஞ்சு. நத்தை கடித்த காளான் என்றால் தாராளமாகத் தின்னலாம்.

இரண்டுமே நம்பத்தகாதவை. அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் இளம்பச்சைக் காளான் வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை. வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. தின்றவருக்கு ஆறு மணி நேரமாவது ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும். அவை தணிந்து, ஆள் பிழைத்துவிட்டார் என்று வீட்டார் நினைக்கும் வேளையில் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும்.

இந்த மலைகளில் காளான் இனங்களைப் பிரித்தறியும் கலை பெரிதும் ஊர் மருத்துவர்களாலும் மருந்தாளுநர்களாலும் வளர்ந்தது. மருந்துகள் பெரும்பாலும் செடிகொடிகளிலிருந்து வந்த காலத்தில் தாவரவியல் அவர்கள் படிப்பில் ஒரு பகுதி. ப்ருயேர் ஊர் மருத்துவர் ழான் பாப்டிஸ்ட் மூழோ, ஸ்த்ராஸ்பூரின் நெஸ்ட்லருடன் சேர்ந்து, 1810 முதல் பாசி, மரப்பாசி, காளான் ஆகியவற்றின் உலர்ந்த மாதிரிகளைத் தாளில் ஒட்டித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஆனால் சதைப்பற்றுள்ள காளான் காய்ந்தால் நிறமும் மணமும் வடிவமும் போய்விடும். அதற்குப் படமும் விவரிப்பும் வேண்டியிருந்தன.

அந்தக் குறையைத் தீர்த்தவர் எரிமோன்கூர் மருத்துவர் லூசியன் கெலே. ஜூரா, வோஜ் காளான்களைப் பற்றிய அவருடைய நூல் 1872இல் வெளிவரத் தொடங்கியது. ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் 1821இலேயே செவுள்களிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறத்தைக் கொண்டு காளான்களைப் பிரித்திருந்தார். நுண்ணோக்கியை அவர் அவ்வளவாக மதிக்கவில்லை. கெலேயின் தலைமுறையோ வித்தின் வடிவத்தையும் அளவையும் சேர்த்துக் குறித்தது. 1884இல் வோஜின் எபினால் நகரில் பிரெஞ்சுக் காளானியல் கழகம் பிறந்தபோது கெலேயே முதல் தலைவர். மூழோவின் மகன் அந்த்வானும் மருந்தாளுநர்கள் பூதியே, பத்தூயாரும் உடன் நின்றார்கள்.

இவர்களோடு கேள்வியே மாறிவிட்டது எனலாம். 'தின்னலாமா?' என்பதற்கு முன் 'இது எந்த இனம்?' என்று கேட்க வேண்டும் என்றாயிற்று. காளானைக் கத்தியால் அறுக்காமல் அடியோடு தோண்டி எடுக்கச் சொல்வதும் இதனால்தான். அமானிட்டாவைக் காட்டிக்கொடுக்கும் உறைக்கிண்ணம் மண்ணுக்குள் இருக்கிறது; அறுத்தெடுத்தால் அது காட்டிலேயே தங்கிவிடும். குடையை வெள்ளைத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் வித்துத்தூள் படியும். பறித்த கூடையை மருந்துக்கடைக்காரரிடம் காட்டும் வழக்கம் பிரான்சில் வேரூன்றியது.

பெயர் தெரிந்தாலும் குணம் தெரியும் என்பதில்லை. ஃப்ரீஸ் 1838இல் பெயரிட்ட கார்டினேரியஸ் ஒரெல்லானஸ் நூறாண்டுக்கும் மேலாக நஞ்சென்று அறியப்படவில்லை. 1950களில் போலந்தில் பலர் சிறுநீரகம் பழுதாகி இறந்த பிறகே உண்மை வெளிவந்தது. அதன் நஞ்சு வேலை காட்டச் சில நாள்கள் முதல் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். அதற்குள் எந்தக் காளானைத் தின்றோம் என்பதே பலருக்கு மறந்துபோயிருக்கும்.