டம்பிள்டோர்... ஹாரி பாட்டருக்கு முன்னாடி அது யாரோட பேர் தெரியுமா?

'டம்பிள்டோர்'னு சொன்னதும் நம்ம மனசுல யார் வருவாங்க? வெள்ளைத் தாடி, அரைநிலாக் கண்ணாடி, ஹாக்வார்ட்ஸின் தலைமை ஆசிரியர். ஆனா, 19-ம் நூற்றாண்டுல இங்கிலாந்தின் டார்செட் பக்கம் போய்க் கேட்டிருந்தா, பூவைச் சுத்தி வர்ற ஒரு குண்டுத் தேனீயைக் கை காட்டியிருப்பாங்க!

சத்தத்துல பிறந்த சொல்

உடம்பெல்லாம் புசுபுசுனு முடியோட, 'கொய்ங்...'னு பறக்குமே பம்பிள் பீ, அதுக்கான வட்டார வழக்குதான் டம்பிள்டோர். 'டோர்' என்பது ரீங்காரமிடும் பூச்சிகளுக்கான பழைய ஆங்கிலப் பெயர். 'டம்பிள்' என்பது அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டுச் சொன்னது. சில ஊர்கள்ல வண்டையும் இப்படிக் கூப்பிட்டிருக்காங்க.

திட்டு வாங்கிய வார்த்தை

டார்செட்டில் பிறந்தவர் எழுத்தாளர் தாமஸ் ஹார்டி. 1886-ல் வெளியான அவருடைய 'தி மேயர் ஆஃப் கேஸ்டர்பிரிட்ஜ்' நாவல்ல, பணக்கார ஹென்சார்டின் வீட்டில் மகளாக வாழ்பவள் எலிசபெத் ஜேன். அவள் பேச்சில் கிராமத்து வார்த்தை வந்தாலே அவருக்குக் கோபம் வரும். பயந்துபோன அந்தப் பொண்ணு ஒவ்வொரு வார்த்தையா மாத்திக்கிறா. அதுல ஒண்ணு டம்பிள்டோர். அதை விட்டுட்டு, படிச்சவங்க சொல்ற மாதிரி 'ஹம்பிள் பீ'னு சொல்லப் பழகுறா. சின்ன வயசுல இருந்து பேசின பேச்சுக்காக வெட்கப்பட வெச்சா, எவ்வளவு வலிக்கும்!

திரும்பி வந்த கதை

ஜே.கே.ரௌலிங்கின் முதல் ஹாரி பாட்டர் புத்தகம் வந்தது 1997-ல். தனக்குத்தானே எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கிட்டே நடக்கிற மனுஷரா அந்தத் தலைமை ஆசிரியரைக் கற்பனை செஞ்சதால, தேனீயின் இந்தப் பழைய பேரையே அவருக்கு வெச்சதா ரௌலிங் சொல்லியிருக்கார்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எலிசபெத் ஜேன் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட 'ஹம்பிள் பீ' அன்னிக்கு கௌரவமான சொல். 1859-ல் சார்லஸ் டார்வின்கூட அப்படித்தான் எழுதினார். இன்னிக்கு அதுவே வழக்கொழிஞ்சு, 'பம்பிள் பீ'தான் எல்லார் வாயிலும் இருக்கு. திட்டு வாங்கின டம்பிள்டோரோ, உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரிஞ்ச பேர்!

அடுத்த தடவை ஹாரி பாட்டர் பார்க்கும்போது, அந்தப் பேரைக் கொஞ்சம் மெதுவா சொல்லிப் பாருங்க. தேனீ சத்தம் கேட்கும்!